கீழ்க்குரல் முன்னுக்கு வந்தபோது: ரிவிங்டன்ஸ் குழுவின் ‘பாப்பா-ஊம்-மௌ-மௌ’

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. ட்ராஷ்மென் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘சர்ஃபின் பேர்ட்’ பாட்டைக் கேட்டு வியந்த ஒருவர், அதன் மூலத்தைத் தேடிப் போயிருக்கிறார். கிட்டார் வைத்த முரட்டுக் குழு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ரிவிங்டன்ஸ் என்னும் கறுப்பின நால்வர் குரல் குழுதான் கிடைத்தது. காதல் பாட்டுகளை இழைந்து பாடிப் பழகிய ஒரு குழு இப்படி வெறிபிடித்தாற்போன்ற ஒரு ரிதம் அண்ட் ப்ளூஸ் (கறுப்பின மக்களின் தாளக்கட்டு மிகுந்த இசை) இசைத்தட்டை எப்படிப் போட்டது, அது தற்செயலா, ட்ராஷ்மென் செய்தது திருட்டா என்று கேட்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், தற்செயல் இல்லை. இந்தக் குழுவினர் அதற்கு முன்பே பல ஆண்டுகள் பிறர் பெயரில் வந்த தட்டுகளில் சொல்லற்ற ஒலிகளை எழுப்பிக் கூலி வாங்கியவர்கள். 1962இல் அந்த ஒலியைத் தங்கள் பெயரிலேயே விற்றார்கள், அவ்வளவுதான். திருட்டா என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதிலும் காது இன்னொரு பதிலும் சொல்லும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் தட்டைப் பற்றி. ‘பாப்பா-ஊம்-மௌ-மௌ’ லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த லிபர்ட்டி நிறுவனத்தின் வெளியீடாக 1962இல் வந்த, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறு தட்டு. ஓடும் நேரம் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. (தமிழ் வாசகர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: இங்கே வரும் ‘பாப்பா’ குழந்தை அல்ல. ஆங்கிலத்தில் அது தந்தையைக் குறிக்கும் செல்லச் சொல். இந்தப் பாட்டில் அந்தப் பொருளும் கிடையாது.) பாட்டு தொடங்குவதே பேஸ் (ஆகத் தாழ்ந்த ஆண்குரல்) பாடகர் டர்னர் ‘ராக்கி’ வில்சனின் அடித்தொண்டையிலிருந்துதான். அந்த ஐந்து அசைகளை அவர் மூச்சு விட இடமின்றித் திரும்பத் திரும்பச் சுழற்ற, மேலே மற்றவர்கள் கூவ, நடுவில் கார்ல் ஒயிட் தலைமைக் குரலில் வந்து சேர்கிறார். அவர் பாடுவது ஒரு புகார். இதுவரை கேட்டதிலேயே வேடிக்கையான ஓர் ஓசையைக் கேட்டதாகவும், அதில் ஒரு சொல்லும் தமக்குப் புரியவில்லை என்றும், அந்த ஆள் உண்மையாகத்தான் சொல்கிறானா விளையாடுகிறானா என்று தெரியவில்லை என்றும், எது கேட்டாலும் அதையே சொல்கிறான் என்றும் அவர் முறையிடுகிறார். முறையிடும்போதும் கீழே அந்த ஆள் நிறுத்துவதில்லை.

இந்த அமைப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. அக்காலத்துக் குரல் குழுத் தட்டுகளில் பொருளற்ற அசைகள் ஏராளம். ஆனால் பெரும்பாலானவற்றில் அவை பாட்டைத் தாங்கும் சாரமாகத்தான் இருந்தன. வீடு கட்டி முடிந்தபின் சாரத்தை யாரும் பார்ப்பதில்லை. ரிவிங்டன்ஸ் சாரத்தையே வீடாக்கி, அதைப் பார்த்துத் திகைக்கும் ஒரு மனிதனை அதற்குள் குடிவைத்துவிட்டார்கள். பேஸ் பாடகர் இங்கே பக்கவாத்தியமாக நில்லாமல் கதையின் பாத்திரமாகவே ஆகிவிடுகிறார். ஒயிட்டுக்குப் புரியாதது நமக்கும் புரிவதில்லை. ஆகவே கேட்பவர் முதல் வரியிலேயே அவர் கட்சியில் சேர்ந்துவிடுகிறார். வெறித்தனமாகக் காதில் விழும் ஒரு தட்டுக்குள் இவ்வளவு சீரான கட்டுமானம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அசைகளும் கண்டபடி பொறுக்கியவை அல்ல என்று நினைக்கிறேன். வாயால் சொல்லிப் பார்த்தால் தெரியும். ‘பாப்பா’ என்னும்போது உதடுகள் மூடித் திறந்து காற்று வெடிக்கிறது. அது மத்தள அடி. ‘ஊம்’ என்னும்போது வாய் மூடி மூக்கு வழியே ஒலி நீள்கிறது. அது பெரிய பேஸ் வயலினின் நரம்பைச் சுண்டி விட்டதுபோல் முழங்குகிறது. ‘மௌ’ மூடிய உதட்டில் தொடங்கி அகலத் திறந்து மீண்டும் குவிகிறது. டிரம்பெட் வாசிப்பவர்கள் அதன் வாயைக் கையால் மூடித் திறந்து எழுப்பும் ஓசைக்கு அது பக்கத்தில் வருகிறது. ஆக, ஒரே மனிதர் ஒரு மூச்சில் தாளமும் சுருதியும் ஊதுகருவியுமாக இருக்கிறார். வேலையெல்லாம் உதடுகளுக்குத்தான், நாக்கு நுனிக்கு இதில் வேலையே இல்லை என்பதால் வேகமாகச் சொன்னாலும் சிக்குவதில்லை. நாக்கு நுனியில் பிறக்கும் அசைகளாக இருந்திருந்தால் இந்த வேகத்தில் இந்தக் கனம் வந்திராது.

தெருமுனைகளில் பக்கவாத்தியம் இல்லாமல் பாடிய இளைஞர்களிடமிருந்து வந்த மரபு இது. கருவி வாங்கக் காசில்லாத இடத்தில் ஒருவர் கருவியாக வேண்டும். அடித்தொண்டைக்காரருக்கு அந்தப் பொறுப்பு போய்ச் சேரும். ஆனால் வேர் அதற்கும் முந்தியது. 1930களின் தொடக்கத்தில் மில்ஸ் பிரதர்ஸ் டிரம்பெட்டையும் டியூபாவையும் வாயாலேயே வாசித்தார்கள். கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள் என்பதால், ஒரு கிட்டாரைத் தவிர வேறு எந்தக் கருவியும் பயன்படுத்தப்படவில்லை என்று தட்டிலேயே அச்சிட வேண்டியிருந்தது. 1940களின் பிற்பகுதியில் ரேவன்ஸ் குழுவின் ஜிம்மி ரிக்ஸ், பேஸ் குரலைத் தலைமைக் குரலாகவே நிறுத்திக் காட்டினார். 1954இல் கார்ட்ஸ் குழுவின் ‘ஷ்-பூம்’ பொருளற்ற அசையைத் தலைப்பாகவே வைத்தது. 1961இல் பிட்ஸ்பர்கைச் சேர்ந்த மார்செல்ஸ், 1934ஆம் ஆண்டின் ‘ப்ளூ மூன்’ என்ற மென்மையான பாட்டின் தலையில் ஃப்ரெட் ஜான்சனின் பேஸ் அசைகளைக் கொட்டி, அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 1ஆம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டில் இந்த அசைகளையெல்லாம் யார்தான் பாட்டுக்குள் போட்டது என்று வியக்கும் ஒரு கேலிப் பாட்டை பேரி மேன் பாடி, அதுவும் நன்றாக ஓடியது. ஆகவே 1962இல் பேஸ் பாடகருக்குச் சந்தை இருந்தது. ரிவிங்டன்ஸ் காற்றடிக்கும் பக்கம் தூற்றினார்கள் என்று சொல்லலாம். ஆனால் அவர்களிடம் இருந்த தானியம் பழையது.

அந்தப் பழைய கதைதான் இந்தப் பதிலின் முக்கியமான பகுதி. 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் லாம்ப்லைட்டர்ஸ் என்றொரு குழு இருந்தது. அதில் ஆல் ஃப்ரேஸியர் டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல். தலைமைக் குரல் தர்ஸ்டன் ஹாரிஸ். சின்சினாட்டியின் கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெடரல் என்ற வெளியீட்டு முத்திரையில் அவர்கள் 1953இலிருந்து தட்டுகள் வெளியிட்டார்கள். அவற்றுள் ‘பீ-பாப் வைனோ’ என்ற குடிகாரப் பாட்டைக் கேட்டால், ‘எதிர்பாராத வெறி’ என்ற பேச்சே அடங்கிவிடும். இந்த மரபில் மென்மையான காதல் பாட்டும் மேசையைக் கவிழ்க்கும் ஆட்டப் பாட்டும் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களில் கிடப்பது வழக்கம். ஒரு பக்கத்தை மட்டும் திரட்டி வெளியிட்ட பிற்காலத் தொகுப்புகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மறுபக்கம் அதிர்ச்சியாக இருக்கிறது.

அந்தக் குழு கலைந்தும் கூடியும், இடையில் டெண்டர்ஃபுட்ஸ் என்ற பெயரிலும் பாடி, கடைசியில் ஷார்ப்ஸ் ஆனது. பின்னாளில் ரிவிங்டன்ஸ் என்று பெயர் மாறியது இந்தக் குழுதான். கார்ல் ஒயிட்டும் பாரிடோன் என்னும் நடுத்தர ஆண்குரல்காரரான சன்னி ஹாரிஸும் இந்த மாற்றங்களின்போது வந்து சேர்ந்தவர்கள். வில்சன் அவர்களுக்கும் பின்னால் வந்தவர். (சன்னி ஹாரிஸும் தர்ஸ்டன் ஹாரிஸும் இரு வேறு ஆட்கள், இவ்விருவரையும் குழப்பிக்கொள்வது எளிது.) ஷார்ப்ஸ் என்ற பெயரில் அவர்கள் போட்ட சொந்தத் தட்டுகள் பெரிதாகப் போகவில்லை. பிறருக்காகப் பாடியவை போயின.

1957இல் தர்ஸ்டன் ஹாரிஸ், தனிப்பாடகராக அலாதின் முத்திரையில் பாபி டே எழுதிய ‘லிட்டில் பிட்டி ப்ரிட்டி ஒன்’ பாட்டைப் பாடினார். அமெரிக்கப் பொதுப் பட்டியலில் அது 6ஆம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டில் மக்கள் மனத்தில் நிற்பது எது என்று கேட்டால், யாரும் ஒரு சொல்லைச் சொல்ல மாட்டார்கள். தொடக்கத்தில் வரும் அந்த முனகலைத்தான் முனகிக் காட்டுவார்கள். அந்த முனகல் ஷார்ப்ஸ் குழுவினுடையது.

அடுத்த ஆண்டு இன்னும் விந்தையானது. கிட்டார் கலைஞர் டுவேன் எடியின் ‘ரெபெல் ரவுசர்’ பாட்டே இல்லாத வெறும் இசைத்தட்டு. தயாரிப்பாளர் லீ ஹேஸில்வுட் அதன் கிட்டாரை அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் பதிவுசெய்தார். அங்கே எதிரொலிக்காக ஒரு பெரிய காலித் தண்ணீர்த் தொட்டியையே அறைபோல் பயன்படுத்தினார்கள். பிறகு ஒலிநாடாவை ஹாலிவுட்டின் கோல்டு ஸ்டார் அரங்குக்குக் கொண்டுவந்து, அதன்மேல் கில் பெர்னலின் சாக்ஸபோனையும் ஷார்ப்ஸ் குழுவின் கைத்தட்டலையும் கூச்சலையும் ஏற்றினார்கள். அதுவும் 6ஆம் இடம் வரை போனது. ஒரு குரல் குழுவை வாடகைக்கு அழைத்து, ‘நீங்கள் எதுவும் பாட வேண்டாம், கத்தினால் போதும்’ என்று பணித்த வேலை அது. எடி பெயர் பெற்றார். கத்தியவர்கள் யாரென்று கேட்பவர்கள் இன்றும் குறைவு.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவது முனகல், இரண்டாவது கூச்சல். பொருளுள்ள சொல் ஒன்றும் பாடாமலே இரு முறை முதல் பத்துக்குள் போய்விட்ட குழு அது. இதைத் தெரிந்துகொண்டு ‘பாப்பா-ஊம்-மௌ-மௌ’வுக்கு வந்தால், பாட்டில் ஒயிட் படும் திகைப்பு வேறொரு நிறம் கொள்கிறது: யாரும் பெயர் கேட்காத அந்தப் பின்னணி ஓசை, இம்முறை தலைமைப் பாடகரையே மிரட்டுகிறது. அவர்கள் அப்படி எண்ணிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நான்கு பேருக்கும் எழுதிய பெருமை உண்டு. நால்வரும் கூடி உட்கார்ந்து ஒரு கேலிப் பாட்டுக் கட்டினார்கள் என்பதே போதுமான விளக்கம். ஆனால் எந்தச் சரக்கு தங்களிடம் விலை போகும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்களின் கேலி அது.

வாங்கிய கடையும் அதற்கேற்ற கடைதான். லிபர்ட்டி நிறுவனம் 1958இல் நாடாவின் வேகத்தைக் கூட்டிக் கீச்சுக்குரலாக்கிய அணில்களின் கிறிஸ்துமஸ் பாட்டை விற்று முதலிடம் பிடித்தது. அந்த ஆல்வின், சைமன், தியடோர் என்னும் மூன்று அணில்களுக்கும் நிறுவனத்தின் முக்கியப் புள்ளிகளின் பெயர்களையே வைத்திருந்தார்கள். குரலை வேடிக்கைப் பொருளாக விற்கத் தெரிந்த அந்த இடத்தில் ராக்கி வில்சனின் அடித்தொண்டைக்குக் கதவு திறந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உச்சியில் அணில் கீச்சிட்டதென்றால் பாதாளத்தில் இவர்.

பட்டியல் கணக்கு வருமாறு: ‘பாப்பா-ஊம்-மௌ-மௌ’ பில்போர்டு இதழின் நூறு பாட்டுப் பட்டியலான ஹாட் 100இல் 48ஆம் இடம் வரை வந்தது. தொடர்ந்து வந்த ‘கிக்கபூ ஜாய் ஜூஸ்’ எடுபடவில்லை. ‘லில் ஆப்னர்’ என்ற படக்கதையில் வரும் ஒரு நாட்டுச் சாராயத்தின் பெயர் அது. பிறகு, தந்தை போய்த் தாய் வந்தாள்: ‘மாமா-ஊம்-மௌ-மௌ’ என்று ஒன்று போட்டார்கள், அதுவும் நூறுக்குள் நுழையவில்லை. ஒரே நகைச்சுவையை இரண்டாம் முறை சொன்னால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. ஆனால் அந்தத் தட்டின் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் ‘தி பேர்ட்’ என்றொரு சொல் ஒட்டியிருந்தது. கைகளைச் சிறகுபோல் அடித்து ஆடும் ‘பறவை’ ஆட்டம் அப்போது பரவிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்துக்கென்றே 1963இல் அவர்கள் போட்ட ‘தி பேர்ட்ஸ் த வேர்டு’, ஹாட் 100இல் 52ஆம் இடத்தையும் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 27ஆம் இடத்தையும் தொட்டது. பறவையைப் பற்றி உனக்குத் தெரியாதா, எல்லாருக்கும் தெரியுமே என்று திரும்பத் திரும்ப வம்புக்கிழுக்கும் பாட்டு அது. அந்த ஆண்டே ‘டூயின் த பேர்ட்’ என்ற நெடுந்தட்டும் ‘த ஷேக்கி பேர்ட்’ என்ற இன்னொரு தட்டும் வந்தன. பறவையை அவர்கள் விட்டபாடில்லை.

இனி மின்னசோட்டா. கடல் வாடையே அறியாத அந்த வட மாநிலத்தில் மினியாபோலிஸைச் சேர்ந்த நான்கு வெள்ளை இளைஞர்கள், ட்ராஷ்மென் என்ற பெயரில் கடலலைச் சறுக்கு இசை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ரிவிங்டன்ஸ் தட்டை அவர்கள் நேராகக் கேட்டுப் பாடம் செய்யவில்லை. உள்ளூர்க் குழு ஒன்று ‘தி பேர்ட்ஸ் த வேர்டு’ பாட்டை மேடையில் வாசிப்பதைக் கண்டு, தாங்களும் எடுத்துக்கொண்டார்கள். டிரம் வாசித்தபடியே பாடிய ஸ்டீவ் வாரர், இடையில் பாட்டை நிறுத்தித் தொண்டை நெரிபட்டவரைப்போல் கரகரத்து, அங்கிருந்து நேரே ‘பாப்பா-ஊம்-மௌ-மௌ’வுக்குள் விழுந்தார். இரண்டு ரிவிங்டன்ஸ் பாட்டுகளும் நடுவில் ஒரு தொண்டைப் போரும் சேர்ந்ததுதான் ‘சர்ஃபின் பேர்ட்’. வானொலி அறிவிப்பாளர் பில் டீல் தூண்ட, மினியாபோலிஸின் கே பேங்க் அரங்கில் பதிவுசெய்து காரட் என்ற சிறு முத்திரையில் 1963இன் கடைசியில் வெளியிட்டார்கள். 1964 ஜனவரியில் அது 4ஆம் இடத்தில் இருந்தது.

தட்டின் முதல் அச்சுகளில் எழுதியவர் என்று வாரரின் பெயர் மட்டும் இருந்தது. ரிவிங்டன்ஸ் தரப்பின் வழக்கறிஞர்கள் தலையிட்டார்கள். பின்வந்த அச்சுகளில் ஒயிட், ஃப்ரேஸியர், சன்னி ஹாரிஸ், வில்சன் என்று நால்வர் பெயரும் ஏறின. ஆகவே அந்தப் பாட்டின் எழுத்துரிமை பற்றி இன்று விவாதம் இல்லை.

திருட்டா என்ற கேள்விக்கு இங்கே சற்று நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வந்துவிட்டால், அதை வேறெவரும் பதிவுசெய்துகொள்ளலாம். எழுதியவர் தடுக்க முடியாது. தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் கட்டினால் போதும்; அந்தத் தொகை 1977 முடியும்வரை உயரவே இல்லை. வழக்கமான பங்கீட்டில் பாதி பதிப்பகத்துக்குப் போகும். மிச்சம் 1 சென்ட். அதை நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குக் கால் சென்ட். பத்து லட்சம் தட்டு விற்றாலும் ஒருவருக்கு 2,500 டாலர்தான் வரும். ஆகவே ட்ராஷ்மென் பாடியது குற்றமில்லை. பாட்டைத் தைத்து ஒட்டிவிட்டுத் தம் பெயரை மட்டும் போட்டதுதான் பிழை, அது திருத்தப்பட்டது.

சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமை 1972க்குமுன் அங்கே கிடையாது; பாடும் முறைக்கு எப்போதுமே கிடையாது. வானொலியில் ஒரு தட்டு ஒலித்தால் எழுதியவருக்குக் காசு உண்டு, பாடியவருக்கு இல்லை. அந்த நாட்டின் சாதாரண வானொலிகளில் இன்றும் அப்படித்தான். வில்சனின் தொண்டையில் பிறந்த அந்த ஒலியமைப்பை எழுத்தில் வடித்தால் ஐந்து அசைகள். ஐந்து அசைகளுக்கு எந்த நாட்டிலும் பட்டா கிடைப்பது கடினம். ஓக் ரிட்ஜ் பாய்ஸ் என்ற குழு 1981இல் பாடிய ‘எல்வைரா’வில், அதன் பேஸ் பாடகர் ரிச்சர்ட் ஸ்டெர்பன் கீழே இறங்கிப் பாடும் வரி இதன் இரத்த உறவு என்பது முதல் கேட்பிலேயே தெரியும். அது ‘கன்ட்ரி’ இசைப் பட்டியலில் 1ஆம் இடமும் பொதுப் பட்டியலில் 5ஆம் இடமும் பெற்றது. பாட்டை எழுதியவர் டல்லஸ் ஃப்ரேஸியர். ஆல் ஃப்ரேஸியருக்கு அவர் உறவில்லை. இதில் வழக்குத் தொடுக்க எதுவும் இல்லை, தொடுத்திருக்கவும் முடியாது.

1963இன் 52ஆம் இடத்துக்கும் 1964இன் 4ஆம் இடத்துக்கும் உள்ள இடைவெளியை நிறம் மட்டுமே விளக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ‘ஷ்-பூம்’ கதையில் அந்த விளக்கம் பெரும்பாலும் பொருந்தும்; கார்ட்ஸ் பாடியதை க்ரூ கட்ஸ் என்ற வெள்ளைக் குழு வெளுத்துத் துவைத்துப் பாடி, மூலத்தைவிட மேலே போனது. ட்ராஷ்மென் வெளுக்கவில்லை, மூலத்தைவிட அழுக்காக்கினார்கள். ரிவிங்டன்ஸ் தட்டில் நான்கு குரல்களும் தத்தம் இடத்தில் நிற்கின்றன, யாரும் யார் காலையும் மிதிப்பதில்லை. குழப்பம்போல் கேட்பது ஒத்திகை பார்த்த குழப்பம். வாரரிடம் ஒத்திசைவே இல்லை. நால்வர் பங்கிட்ட வேலையை ஒரு தொண்டை செய்ய முயன்று கிழிகிறது, அந்தக் கிழிசல்தான் தட்டு. அதனால் ‘சர்ஃபின் பேர்ட்’ நல்ல தட்டுதான். அதில் நல்லது பாதி வாரருடையது. ஆயினும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் 1962ஆம் ஆண்டின் தட்டையே எடுப்பேன். வாரரின் வெறி முதல் முறை கேட்கும்போது உச்சம், பத்தாவது முறை கேட்கும்போது கொஞ்சம் சலிப்பு. ரிவிங்டன்ஸ் தட்டில் பத்தாவது முறைதான் சன்னி ஹாரிஸின் பாரிடோன் எங்கே நிற்கிறது என்று காது கண்டுபிடிக்கத் தொடங்குகிறது.

இதன் அருமையை முதலில் உணர்ந்தவர்களுள் பீச் பாய்ஸ் குழுவினர் முக்கியமானவர்கள். அவர்களும் குரல்களை அடுக்கும் தொழிலில் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. 1964இன் ‘பீச் பாய்ஸ் கான்சர்ட்’ நெடுந்தட்டிலும் 1965இன் ‘பீச் பாய்ஸ் பார்ட்டி’யிலும் ‘பாப்பா-ஊம்-மௌ-மௌ’வைப் பாடினார்கள். முன்னது அமெரிக்க நெடுந்தட்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பேஸ் வரியை அவர்கள் கூட்டமாகக் கொண்டாடுகிறார்கள், அவர்களுள் ஒருவரான பிரையன் வில்சன் உச்சிக்குரலில் கூவுகிறார். பாசம் தெரிகிறது, பயம் தெரியவில்லை. மூலத்தில் ஒயிட் உண்மையிலேயே கொஞ்சம் பயந்தவர்போல் இருப்பார்.

அதற்குப் பின் பறவை தன் வழியே பறந்தது. ராமோன்ஸ் என்ற ராக் குழுவினர் 1977இல் ‘ராக்கெட் டு ரஷ்யா’ நெடுந்தட்டிலும் க்ராம்ப்ஸ் என்ற குழுவினர் 1978இல் தங்கள் முதல் தட்டிலும் ‘சர்ஃபின் பேர்ட்’டைப் பாடினார்கள். 1987இல் ஸ்டான்லி குப்ரிக் தம் வியட்நாம் போர்ப்படமான ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’டில் ட்ராஷ்மென் பதிவைப் பயன்படுத்தினார். 2010 கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனில் இணையவழிப் பரப்புரை ஒன்றின் விளைவாக அது 3ஆம் இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் நால்வர் பெயரும் எழுதியவர் வரிசையில் வந்தது. ஒலித்தது அவர்கள் குரல் அல்ல. கார்ல் ஒயிட் 1980இலேயே காலமாகிவிட்டார்.

கேட்டுப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு வரிசை சொல்கிறேன். நேராக 1962க்குப் போக வேண்டாம். முதலில் ‘பீ-பாப் வைனோ’. அதில் ஃப்ரேஸியர் மட்டும்தான் பின்னாளைய நால்வரில் ஒருவர், ஆனாலும் இந்த வீட்டின் அடித்தளம் அது. அடுத்து ‘லிட்டில் பிட்டி ப்ரிட்டி ஒன்’: தர்ஸ்டன் ஹாரிஸ் பாடத் தொடங்கும்வரை மட்டும் கவனமாகக் கேளுங்கள். பிறகு ‘ரெபெல் ரவுசர்’: கிட்டாரை ஒதுக்கிவிட்டு, பின்னால் யாரோ ஊளையிடும் இடங்களை எண்ணுங்கள். அதன்பின் ‘பாப்பா-ஊம்-மௌ-மௌ’. நல்ல ஒலிபெருக்கியில் கேட்பது முக்கியம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அடிச்சுருதிகளை விழுங்கிவிடும். அதில் கேட்டால் ஒயிட் யாரைப் பார்த்துப் புகார் சொல்கிறார் என்பதே விளங்காது.